"தலைவலிதாம்மா, வேற ஒண்ணுமில்ல"

"ஊர்க்கதை பேசுறதுக்குச் சம்பளமா?" பெங்களூரில் என் வேலை என்னவென்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. மனநல ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய் நேர்காணல் எடுப்பவள் நான். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழில் கேட்பேன், மல்லேஸ்வரத்தில் கன்னடத்தில்.

எத்தனை பேருக்கு நோய் என்று எண்ணிச் சொல்வது அளவுசார் ஆய்வு. அந்த நோயோடு ஒருவர் எப்படிக் காலம் தள்ளுகிறார், அது ஏன் வந்தது என்று நினைக்கிறார், யாரிடம் சொல்கிறார், யாரிடம் மறைக்கிறார் என்பதையெல்லாம் அவர் வாயாலேயே கேட்டறிவது பண்புசார் ஆய்வு.

இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். மனநல மருத்துவர்கள் ஆர். ரகுராம், எஸ்.எம். சன்னபசவண்ணா, மிட்செல் வைஸ் உள்ளிட்டோர் செய்த இந்த ஆய்வு 1996இல் வெளியானது. புறநோயாளிகள் 80 பேரிடம் 'எமிக்' என்ற முறையில் நேர்காணல் எடுத்தார்கள். உங்களுக்கு என்ன பிரச்சினை, ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு என்ன தொல்லை, பிறருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற போக்கில் கேள்விகள் போகும். பதிலை எண்ணாகவும் குறிப்பார்கள், சொன்னது சொன்னபடியும் எழுதுவார்கள்.

மனச்சோர்வின் அறிகுறிகள் கூடக் கூட நோயாளிகளின் அவமான உணர்வும் கூடியது என்றன எண்கள். வலி, அசதி என்று உடம்பில் தெரியும் தொல்லைகள் கூடியவர்களிடம் அந்த அவமான உணர்வு குறைந்திருந்தது. ஏன் இப்படி என்பதை எண்கள் சொல்லவில்லை, நோயாளிகளின் பேச்சு சொன்னது. மனசு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் கல்யாணம் தடைபடும், ஊரில் மதிப்புப் போகும். உடம்பு வலியோ எல்லாருக்கும் வருவதுதான்.

இதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். "மனக்கவலை ஏதாவது இருக்காம்மா?" என்று நேராகக் கேட்டால், "தலைவலிதாம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று பதில் வரும், பேச்சும் அதோடு முடியும். "எப்போலேர்ந்து வலி? அப்போ வீட்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் மகன் வெளிநாடு போனது, கடன் ஏறியது, மருமகளோடு பேச்சு நின்றது எல்லாம் மெல்ல வரும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மருமகள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதனால் இடமும் நேரமும் பார்த்துக் கேட்பதும் இந்த முறையில் அடக்கம்.

நேர்காணல் முடிந்த பிறகுதான் பெரிய வேலை. ஒலிப்பதிவை வரி விடாமல் எழுத வேண்டும், பெயர்களை நீக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று குறித்து, திரும்பத் திரும்ப வருவதைத் தொகுக்க வேண்டும். பல ஆய்வுகளில் ஒரே பேச்சை இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிடுகிறார்கள். நம் முடிவுக்கு எதிராகப் பேசியவரை ஒதுக்காமல் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். புதிதாக எதுவும் வராத கட்டத்தில் நேர்காணலை நிறுத்தலாம். ஊர்க்கதைக்கும் ஆய்வுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒழுங்குதான்.

கேட்பதோடு, கூடவே இருந்து பார்ப்பதும் உண்டு. ரகுராமும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தீவிர மனநோயோடு வந்த 31 பேர் அங்கே குடும்பத்தாரோடு தங்கினார்கள். மருந்து இல்லை, தனிச் சடங்கு இல்லை. காலைப் பூஜையும் கோயிலில் சின்னச் சின்ன வேலைகளும்தான். அவர்களின் நோய்க்கடுமை மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. பயமுறுத்தாத, ஆதரவான சூழலே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். வழிபாட்டுத் தலங்களை அண்டிய எல்லா இடமும் இப்படி இல்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். எந்த இடம் நல்லது, எது கெட்டது என்று அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. முப்பது பேரின் பேச்சை வைத்து, பெங்களூரில் இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்று சொல்ல முடியாது. அதற்குப் பெரிய கணக்கெடுப்பு வேண்டும். அதேசமயம், அந்தக் கணக்கெடுப்பில் என்ன கேள்வி கேட்பது என்று தெரிய இந்த முப்பது பேர் வேண்டும். தலைவலியைப் பற்றிக் கேட்காத கேள்வித்தாள் பலரைத் தவறவிட்டுவிடும்.

நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் என்னைப் போல ஒருவர் வரலாம். எந்த நிறுவனம், எதற்காக ஆய்வு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, பதிவை யார் கேட்பார்கள் என்று முதலில் கேளுங்கள். சம்மதப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, பாதியில் எழுந்து போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. சம்மதித்துவிட்டால், அவருக்குப் பிடித்த பதில் எது என்று யோசிக்காமல் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.