கையால் உருவாகும் கார்: பிரேக் குழாயும் பிரேக் விளக்கும் ஏன் ஒன்றாகக் கவனிக்கப்பட வேண்டும்?

புதுதில்லி, லோதி ரோடு: தலைநகரின் லோதி ரோட்டில் மாலை வேளையில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும்போது, முன்னால் செல்பவர் பிரேக்கை மிதித்துவிட்டார் என்பதைப் பின்னால் வருபவருக்கு முதலில் தெரிவிப்பது ஒரு சிறிய சிவப்பு விளக்குதான். அந்த விளக்கு ஒரு நொடி தாமதமாக எரிந்தால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் அதற்குள் ஏறத்தாழ 17 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும்.

இதே சாலையில், இந்தியா ஹாபிடாட் சென்டர் வளாகத்தில் இந்திய மோட்டார் வாகன உற்பத்தியாளர்கள் சங்கத்தின் அலுவலகம் இயங்கி வருகிறது. தொழிற்சாலையில் தயாராகும் கார்கள், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 126-ஆவது விதியின்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனங்களில் ஒப்புதல் பெற்ற பின்னரே விற்பனைக்கு வருகின்றன. ஆனால், பாகங்களைச் சேகரித்துப் பட்டறையில் கையால் கட்டப்படும் காரில் அந்தப் பொறுப்பு முழுவதும் கட்டுபவரையே சார்ந்தது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேரிட்டதாகவும், அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்ததாகவும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை, முன்னால் சென்ற வாகனத்தின் மீது பின்னால் வந்த வாகனம் மோதியதால் ஏற்பட்டவை.

கிட் கார் என்றால் என்ன?

முழுமையான காராக அல்லாமல், பாகங்களின் தொகுப்பாக வாங்கி உரிமையாளரே பூட்டிக்கொள்ளும் கார், கிட் கார் எனப்படுகிறது. பிரிட்டனில் 1957-இல் அறிமுகமான லோட்டஸ் செவன் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பாகங்களாக வாங்கினால் அந்நாட்டின் அன்றைய கொள்முதல் வரியைத் தவிர்க்க முடிந்ததும் அதன் வெற்றிக்கு ஒரு காரணம்.

தமிழகத்தில் இதற்கு நெருக்கமான மரபு கோயம்புத்தூரில் உருவானது. எஸ்.கரிவர்தன் 1980-களின் பிற்பகுதியில், மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பின்னர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி பந்தயங்களில் ஓட்டியவர். கரிவர்தனின் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டு வருகின்றனர்.

இரண்டு சுற்றுகள் எதற்கு?

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உருவாகும் அழுத்தம், குழாய்களில் நிறைந்துள்ள பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களைச் சென்றடைகிறது. நான்கு சக்கரங்களும் ஒரே சுற்றில் இணைக்கப்பட்டிருந்தால், எங்கோ ஓரிடத்தில் ஏற்படும் கசிவு பிரேக்கை முழுவதும் செயலிழக்கச் செய்துவிடும். எனவே மாணவர் ஃபார்முலா போட்டிகளின் பன்னாட்டு விதிகள், தனித்தனி ஆயில் இருப்புடன் இரண்டு சுற்றுகளைக் கட்டாயமாக்கியுள்ளன. ஒன்று பழுதானாலும் குறைந்தது இரண்டு சக்கரங்களில் பிரேக் பிடிக்க வேண்டும். கவசமில்லாத பிளாஸ்டிக் குழாய்களுக்கு அனுமதி இல்லை. பிரேக் பெடல் 2,000 நியூட்டன் விசையை, அதாவது சுமார் 200 கிலோ எடைக்கு இணையான அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

குழாய் பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை

சட்டகத்தை ஒட்டிச் செல்லும் பகுதிக்கு எஃகு அல்லது செம்பு-நிக்கல் கலவைக் குழாய் ஏற்றது. தூய செம்புக் குழாய் எளிதில் வளையும் என்றாலும், இடைவிடாத அதிர்வில் இறுகி விரிசல் விடக்கூடியது. சக்கரம் திரும்பும் இடத்திலும் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் இடத்திலும் மட்டும் வளையும் ஹோஸ் பயன்படுத்தப்படுகிறது. ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பியும், சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தியும், ஹோஸ் இழுபடவில்லை, எதிலும் உரசவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும்.

குழாயின் முனையை விரிக்கும் ஃபிளேர் வேலையே இதில் மிக நுட்பமானது. எஃகுக் குழாயின் முனையை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு அழுத்தத்தில் பிளக்கும் அபாயம் உண்டு. உலோகம் உலோகத்தோடு அழுந்துவதால்தான் இணைப்பு கசியாமல் நிற்கிறது. ஆகவே குடிநீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்புக்கு இங்கு இடமில்லை. வெவ்வேறு கார்களிலிருந்து எடுத்த பாகங்களில் மரையும் ஃபிளேர் வடிவமும் மாறுபடக்கூடும். பொருந்தாத நட்டை வலிந்து முறுக்கினால், அன்று கசியாத இணைப்பு ஓட்டத்தின்போது கழன்றுவிடலாம். சுமார் 30 செ.மீ. இடைவெளியில் கிளிப் போட்டு, புகைபோக்கியின் வெப்பத்திலிருந்து விலக்கிக் குழாயைக் கொண்டு செல்வது நல்ல நடைமுறை.

காற்றும் நீரும்

திரவத்தை அழுத்திச் சுருக்குவது அரிது. காற்று எளிதில் சுருங்கும். குழாயில் காற்றுக்குமிழி தங்கிவிட்டால், பெடல் அமுங்கும், கார் நிற்காது. எனவே ஒவ்வொரு சக்கரத்திலும் பிளீடர் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். டாட் 4 வகைப் பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய நிலையில் அதற்கான வரம்பு 155 டிகிரி மட்டுமே. திறந்து நாளான டப்பாவிலிருந்து ஆயில் ஊற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும்?

பிரேக் லைட் சுவிட்ச் இரண்டு வகைப்படும். ஒன்று பிரேக் குழாயில் பொருத்தப்பட்டு, ஆயிலின் அழுத்தத்தால் இயங்குவது. மற்றொன்று பெடலின் அருகே பொருத்தப்பட்டு, பெடல் நகர்ந்தவுடன் இயங்குவது.

அழுத்த சுவிட்சைப் பொருத்துவது எளிது. ஆனால் குழாயில் போதிய அழுத்தம் உருவான பின்னரே அது விளக்கை எரியச் செய்யும். இரண்டு சுற்றுகளில் ஒன்றில் மட்டும் அது பொருத்தப்பட்டிருந்தால், அந்தச் சுற்று கசியும் நாளில் பிரேக்கின் பாதி வலிமையோடு விளக்கும் சேர்ந்தே போய்விடும். கார் தடுமாறி நிற்க முயலும் அதே நேரத்தில், பின்னால் வருபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. எனவே இவ்வகை சுவிட்சைப் பயன்படுத்துவோர் இரு சுற்றுகளிலும் ஒவ்வொன்று பொருத்துவதே பாதுகாப்பானது.

பெடல் சுவிட்ச் ஆயில் அழுத்தத்தைச் சார்ந்திருப்பதில்லை. எனினும் அதைச் சரியான இடைவெளியில் நிறுத்த வேண்டும். பெடலை அது முழுவதும் மேலெழ விடாமல் தடுத்தால், மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பிச் செல்லும் சிறு துளை மூடியே இருக்கும். ஓட்டத்தில் ஆயில் சூடாகி விரிவடையும்போது, மிதிக்காமலேயே பிரேக் பிடிக்கத் தொடங்கும்.

மாணவர் போட்டிக் கார்களில் இன்னொரு சுவிட்சும் கட்டாயம். பிரேக் செயலிழந்து பெடல் அளவுக்கு மீறிக் கீழே சென்றால், அது இயந்திரத்தை நிறுத்திவிடும். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி அதை மீண்டும் இயக்க முடியாது. கார் வேகமெடுத்து ஓடிய பின் நான்கு சக்கரங்களும் ஒருசேர இறுகி நின்று காட்டினால்தான் பிரேக் சோதனையில் தேர்ச்சி கிடைக்கும்.

சாலையில் ஓட்டலாமா?

பந்தயத் தடத்தில் அனுமதி பெற்ற கார் பொதுச் சாலைக்கும் தகுதி பெற்றதாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் இதனை வலியுறுத்தியது. அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவு வகை செய்கிறது.

தொழிற்சாலைக் காரை ஓட்டுவோரும் செய்யத்தக்க இரு எளிய சோதனைகள் உள்ளன. இயந்திரம் அணைந்த நிலையில் பெடலைப் பலமுறை மிதித்துவிட்டு, பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது மெல்லக் கீழிறங்கினால் காரை எடுக்காமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். இரவில் சுவர் அருகே காரின் பின்புறத்தை நிறுத்தி, பெடலை மெதுவாகத் தொட வேண்டும். தொட்டவுடன் சுவரில் சிவப்பு ஒளி தெரியாவிட்டால் விளக்கு, ஃபியூஸ், சுவிட்ச் ஆகிய மூன்றையும் உடனே சரிபார்ப்பது அவசியம்.