பழவேற்காடு: நம் கடற்கரையில் ஒரு டச்சு ஊர்!

குட்டீஸ், உங்கள் வீட்டில் தாத்தா கட்டம் போட்ட கைலி கட்டுவாரா? அதே மாதிரி கைலிக்கு மலேசியாவில் 'பெலிகாட்' என்று பெயர். கேட்டால் மலாய்ச் சொல் போல இருக்கிறது, இல்லையா? உண்மையில் அது தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் பெயர். திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடுதான் அது! வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாமல் அது 'புலிகாட்' ஆனது. அங்கிருந்து கப்பல் ஏறிய துணியோடு ஊர்ப் பெயரும் கடல் தாண்டிப் போய்விட்டது.

அத்தனை தூரம் அந்தத் துணியைக் கொண்டு போனது யார்? அதைத் தெரிந்துகொள்ள நாம் இரண்டு ஊர்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒன்று, ஐரோப்பாவில் நெதர்லாந்து நாட்டில் இருக்கும் ஆம்ஸ்டர்டாம். இன்னொன்று, நம் பழவேற்காடு. முதலில் வெளிநாட்டு டூர். பாஸ்போர்ட் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். கிளம்பலாமா?

தெருவெல்லாம் தண்ணீர்!

நம் மதுரை தல்லாகுளத்தின் பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் பெயரிலோ ஓர் அணை இருக்கிறது. ஆம்ஸ்டல் என்ற ஆற்றின் குறுக்கே அணை கட்டிய இடத்தில் வளர்ந்த ஊர் என்பதால் அந்தப் பெயர்.

நெதர்லாந்தில் பல இடங்கள் கடல் மட்டத்தைவிடத் தாழ்வானவை. அதனால் அங்கே உள்ளவர்கள் தண்ணீரை வடிக்கவும், தேக்கவும், அதில் படகு விடவும் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஊரைச் சுற்றி அரை வட்டம் அரை வட்டமாகப் பெரிய கால்வாய்களை வெட்டினார்கள். அந்த வேலை 1613இல் தொடங்கியது. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்!

கால்வாய்க் கரையில் குறுகலான, உயரமான வீடுகள் வரிசையாக நிற்கும். மண் சேறும் சகதியுமாக இருப்பதால், நீளமான மரக் கம்பங்களைத் தரைக்குள் இறக்கி, அவற்றின் மேல் வீடு கட்டினார்கள். ஆம்ஸ்டர்டாம் அரண்மனைக்கு அடியில் மட்டும் 13,659 மரக் கம்பங்கள் இருக்கின்றன என்று சொல்வார்கள்.

வீட்டு உச்சியைப் பாருங்கள். ஓர் உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டு, அதில் கொக்கி தொங்கும். எதற்கு? படகில் வந்த மூட்டையைக் கயிற்றில் கட்டி, மேல் மாடிக்கு இழுக்கத்தான்! படிக்கட்டு ரொம்பக் குறுகல். அதனால் கட்டில், பீரோவை எல்லாம் ஏற்ற அந்தக் கொக்கி இன்றும் உதவுகிறது. இந்தக் கால்வாய்ப் பகுதியை யுனெஸ்கோ 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சரி, அந்த மூட்டைகளுக்குள் என்ன இருந்தது? மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், துணி! குளிர்நாடான நெதர்லாந்தில் இவற்றில் எந்த மசாலாப் பொருளும் விளையாது. எல்லாம் ஆசியாவிலிருந்து கப்பலில் போனவை. கப்பல் இங்கே வந்து சேரவே ஆறேழு மாதங்கள் ஆகும். இந்த வியாபாரத்துக்காக 1602இல் தொடங்கியதுதான் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. டச்சுக்காரர்களை நம் பெரியவர்கள் 'ஒல்லாந்தர்' என்பார்கள்.

மிளகுக்குத் துணி, துணிக்குப் பணம்

டச்சு வியாபாரிகள் இந்தோனேசியத் தீவுகளுக்குப் போய், "கிராம்பு கொடுங்கள், வெள்ளிக் காசு தருகிறோம்" என்றார்கள். தீவுக்காரர்களுக்கோ வெள்ளிக் காசைவிட நம் சோழமண்டலக் கடற்கரைத் துணி மீதுதான் ஆசை! பல நூறு ஆண்டுகளாக அவர்கள் விரும்பி உடுத்திய துணி அது. வெளுத்தாலும் போகாத சாயம். இந்தக் கடலோர மணலில் வளரும் சாயவேர்ச் செடியின் வேரிலிருந்து அந்த அழகான சிவப்பை எடுத்தார்கள்.

ஆகவே, கிராம்பு வேண்டுமானால் துணி வேண்டும். துணி வேண்டுமானால் தமிழ்க் கடற்கரைக்கு வரவேண்டும். இப்படித்தான் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டைத் தேடி வந்தார்கள்.

விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் 1610இல் அனுமதி வாங்கினார்கள். ஒரு பண்டகசாலை கட்டினார்கள். சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1612இல் வந்து தாக்கி, பண்டகசாலையை அழித்தார்கள். உடனே டச்சுக்காரர்கள் ஒரு கோட்டையே கட்டிவிட்டார்கள். கோட்டைக்கு 'கெல்ட்ரியா' என்று பெயர். அதன் தலைவராக இருந்த வெம்மர் வான் பெர்கெம், தன் சொந்த மாநிலமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார்.

கோட்டை எழுந்த ஆண்டு எது தெரியுமா? 1613! ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் வெட்டத் தொடங்கிய அதே ஆண்டு. அங்கே மண்வெட்டி, இங்கே கோட்டைச் சுவர். இரண்டுக்கும் பின்னால் ஒரே வியாபாரம்.

மதுரையில் திருமலை நாயக்கர் 1636இல் மகால் கட்டியபோது, பழவேற்காட்டிலிருந்து துணிக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. துணி மட்டுமா? அங்கே ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருந்தது. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, இந்தக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் முக்கிய ஊர் பழவேற்காடுதான். கடைசியில் 1825இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இப்போது என்ன பார்க்கலாம்?

மதுரையிலிருந்து ரயிலில் சென்னை. சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் பொன்னேரி. அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

கோட்டையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். புதர் மண்டிய மேடும், இடிந்த செங்கல்லும்தான் மிச்சம். 'இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள்.

வாசலிலேயே ஆச்சரியம்! கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் உங்களை வரவேற்கும். பயப்பட வேண்டாம். 'வாழ்க்கை கொஞ்ச காலம்தான்' என்று நினைவுபடுத்த அந்தக் காலத்தில் இப்படிச் செதுக்குவது வழக்கம். உள்ளே 70க்கும் மேற்பட்ட கல்லறைகள். சில கல்லறைகளுக்குக் கோயில் விமானம் போலக் கூரைகூட உண்டு. தரையில் பதித்த கற்களில் டச்சு மொழியில் பெயர், வயது, இறந்த தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். இந்திய தொல்லியல் துறை இதைப் பாதுகாக்கிறது.

ஊரில் பழமையான ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. பள்ளிவாசலில் நிழலைப் பார்த்து மணி சொல்லும் சூரிய கடிகாரம் இருக்கிறது. பெண்கள் பனையோலையில் முடையும் கூடைகளும் பெட்டிகளும் கிடைக்கும். பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய். இதை வெட்டியது டச்சுக்காரர்கள் அல்ல, ஆங்கிலேயர்கள். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தொடங்கி, பிறகு வடக்கே ஆந்திரா, தெற்கே மரக்காணம் வரை நீட்டினார்கள். லாரிகள் வருவதற்கு முன்னால் விறகு, நெல், உப்பு எல்லாம் இதில்தான் படகில் போயின.

கல்லில் பெயர் இல்லாதவர்கள்

கல்லறைத் தோட்டத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இங்கே யாருடைய பெயர்கள் இருக்கின்றன? வியாபாரிகள், அதிகாரிகள், அவர்கள் குடும்பத்தினர். யாருடைய பெயர் இல்லை?

முதலில், அந்தத் துணியை நெய்தவர்கள். தறியில் உட்கார்ந்து, நூலை எண்ணி எண்ணிக் கட்டம் போட்டவர்கள். சாயவேரை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தவர்கள். அவர்கள் யாருடைய பெயரும் கல்லில் இல்லை.

இரண்டாவது, இன்னும் வருத்தமான விஷயம். அந்தக் கப்பல்களில் துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். அடிமைகளாக! 17ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்தபோது, சாப்பாட்டுக்கு வழியில்லாமல் சிலர் தங்களையே விற்றார்கள். சிலர் பெற்ற பிள்ளைகளை விற்றார்கள். வேறு சிலரைத் தரகர்கள் பிடித்துக்கொண்டு போய் விற்றார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இந்தக் கடற்கரையிலிருந்து படேவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். படேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அங்கே டச்சுக்காரர்கள் என்ன கட்டினார்கள் தெரியுமா? தங்கள் நாட்டைப் போலவே கால்வாய்கள் ஓடும் ஒரு நகரம்! அதில் அடிமைகளின் உழைப்பும் கலந்திருந்தது.

ஆகவே, ஆம்ஸ்டர்டாம் கால்வாய் வீடுகளின் அழகைப் பார்க்கும்போது, அந்தப் பணம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்றும் பார்க்க வேண்டும். இதை நாம் மட்டும் சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகர மேயரே, அடிமை வியாபாரத்தில் தங்கள் நகரத்துக்கு இருந்த பங்குக்காக 2021 ஜூலை 1 அன்று மன்னிப்புக் கேட்டார். 2023இல் அதே தேதியில் நெதர்லாந்து அரசர் வில்லெம் அலெக்சாந்தரும் மன்னிப்புக் கேட்டார். 'நடந்து முன்னூறு வருஷம் ஆச்சே, இப்போது எதற்கு?' என்று தோன்றலாம். நடந்தது தப்பு என்று ஒத்துக்கொள்ள எத்தனை வருஷம் ஆனாலும் நேரம் தாண்டிவிடாது, இல்லையா?

ஏரியில் வாழ்பவர்கள்

கல்லறையிலிருந்து வெளியே வந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஏரி. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் உப்பங்கழி ஏரிகளில், ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவில் இதுதான் பெரியது. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் தீவுதான், ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா! குளிர்காலத்தில் போனால், நீண்ட காலும் வளைந்த அலகும் கொண்ட பூநாரைகள் கூட்டமாக நின்று இரை தேடுவதைப் பார்க்கலாம்.

இங்கே மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஏரியில் மீனும் இறாலும் நிறையக் கிடைக்கும் இடத்தில் ஒருவரே எப்போதும் வலை போட முடியாது. இன்று யாருக்கு எந்த இடம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். வகுப்பில் முதல் பெஞ்சுக்கு முறை வைப்போமே, அதுபோலத்தான்.

ஆனால், ஏரிக்கு ஓர் ஆபத்து. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. கடல் நீர் உள்ளே வராவிட்டால் மீனும் இறாலும் குறையும். மீன் குறைந்தால் மீனவர்களுக்கும் கஷ்டம், பூநாரைகளுக்கும் கஷ்டம். முகத்துவாரத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள்.

போகும்போது கவனிக்க

* கல்லறைக் கற்களின் மேல் ஏறாதீர்கள், கிறுக்காதீர்கள். நானூறு வருஷம் தாங்கிய எழுத்து ஒரு ஆணியில் அழிந்துவிடும்.

* 2011 டிசம்பரில் இந்த ஏரியில் படகு கவிழ்ந்து, சுற்றிப்பார்க்க வந்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனவே, "ஒரு ரவுண்டு போகலாம்" என்று யார் கூப்பிட்டாலும் படகில் ஏறாதீர்கள். கரையிலிருந்து பார்த்தாலே ஏரி அழகுதான்.

* பூநாரைகளைத் துரத்தாதீர்கள், கல் எறியாதீர்கள். பிளாஸ்டிக் பையை ஏரியில் போடாதீர்கள்.

உங்களுக்கு ஒரு வேலை!

பழவேற்காட்டுக்கு இப்போதே போக முடியாதவர்கள், வீட்டிலேயே ஒரு ஆராய்ச்சி செய்யலாம். அம்மாவின் புடவை, தாத்தாவின் கைலி, பாட்டியின் சுங்குடி... ஒவ்வொன்றும் எந்த ஊரில் நெய்தது, எங்கே சாயம் போட்டது என்று கேளுங்கள். பெரியவர்களுக்குத் தெரிந்தால் நெய்தவரின் பெயரையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். பழவேற்காட்டில் துணி நெய்தவர்களின் பெயரை அன்றைக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. நம் ஊர்க்காரர்களின் பெயரையாவது நீங்கள் எழுதி வையுங்கள்!