கதரேனர் நாட்டுக் கணக்கு

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த புன்னைக்காயல், முத்துக்குளித்துறையின் கிறிஸ்தவ வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற ஊர். 16ஆம் நூற்றாண்டில் அங்குத் திருப்பணியாற்றிய அண்டிரிக் அடிகளார், தமிழ் கற்றுத் தமிழ் நூல்களை அச்சேற்றியதோடு நில்லாது, ஊர் மக்களின் கொடையைக் கொண்டு ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். அவர் நமது சபைப் பிரிவைச் சார்ந்தவரல்லர். எனினும் அவர் செயல் உணர்த்தும் உண்மை நமக்கும் உரியது. நோயுற்றோரைப் பேணும் பணி தனியொருவரின் இரக்கத்தை மட்டுமே நம்பி நிற்கலாகாது. பொதுநிதி அதனைத் தாங்க வேண்டும்.

இதே கடற்கரையின் வடகிழக்கே உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் 28 மனநோயாளர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்கள் தப்ப இயலவில்லை. இதனைப் பிற சமயத்தாரின் குற்றமென்று கூறி நாம் விலகிக்கொள்ளலாகாது. மனநோயாளரைப் பேய்பிடித்தவரெனக் கருதி, மருந்தை நிறுத்தி, ஜெபக்கூட்டங்களுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. குடும்பத்தாரைக் குறைகூறுவது எளிது. ஆனால் மருத்துவம் தொலைவில் இருக்கும்பொழுது, கடலுக்குச் செல்வோர் நோயாளியுடன் நகருக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் வருவாயற்ற நாளாகிறது. அந்நிலையில் சங்கிலியே மலிவான வழியாகிவிடுகிறது.

இக்குறையை நீக்கவே 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தோன்றின. பெல்லாரி மாவட்டத்தில் கண்ட முன்மாதிரியைப் பின்பற்றி, மனநல மருத்துவத்தை ஊரகச் சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுசெல்வது இதன் நோக்கம். ஆனால் மத்திய அரசின் நிதி ஐந்தாண்டுகளுக்கே என வகுக்கப்பட்டது; அது நின்றபின் பல மாவட்டங்களில் பணி தளர்ந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கிற்று. ஆயினும் தேசிய மனநலத் திட்டத்திற்கு 2018-19இல் ஒதுக்கப்பட்ட 50 கோடி ரூபாய், அடுத்த ஆண்டில் 40 கோடியாயிற்று. 2022இல் தொடங்கிய தொலைபேசி மனநலச் சேவைக்கு 2023-24இல் ஏறத்தாழ 134 கோடியும், 2024-25இல் 90 கோடியுமே ஒதுக்கப்பட்டன. குடிநோயாளருள் 100இல் 86 பேர் சிகிச்சை பெறவில்லை என 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு காட்டியது. தேவை இவ்வாறிருக்க, நிதியைக் குறைத்தல் எவ்வாறு தகும்?

மறுபுறம், 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையைத் தானே நடத்தும் தமிழக அரசு, 2023-24இல் அதன்வழி 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பெற்றது. அவ்வருவாய் மக்கள்நலத் திட்டங்களுக்கும் உதவுகிறது என்னும் வாதத்தை நாம் புறக்கணிக்கவில்லை. ஆனால் குடியால் வரும் பணத்தில் ஒரு பங்கு, குடியால் வீழ்ந்தோரை எழுப்பச் செலவிடப்பட வேண்டும் என்பது குறைந்த அளவு நீதியன்றோ?

மாற்கு 5ஆம் அதிகாரம் இங்கு நம்மை நியாயம் விசாரிக்கிறது. சங்கிலிகளை முறித்துக் கல்லறைகளிடையே அலைந்த மனிதன் தெளிந்த சிந்தையுடன் அமர்ந்திருப்பதை ஊரார் கண்டனர். எனினும் ஏறக்குறைய 2,000 பன்றிகளின் இழப்பே அவர்களுக்குப் பெரிதாய்த் தோன்றிற்றுப் போலும். ஆண்டவரைத் தங்கள் எல்லையைவிட்டுப் போகும்படி வேண்டிக்கொண்டனர். ஆண்டவரோ, குணமடைந்தவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அவன் வீட்டாரிடமே அனுப்பினார். நலம் என்பது தன் ஊரில், தன்னவரோடு வாழ்வதில் நிறைவுறுகிறது. 1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையம், குடும்பத்தாரையும் நோயாளியுடன் தங்கச் செய்து சிகிச்சையில் பங்குபெறச் செய்தது இவ்வுண்மைக்குச் சான்று.

ஆகவே, ஆயர்கள் நோயாளரோடு ஜெபிப்பதோடு மருத்துவரிடமும் உடன் செல்வார்களாக. மருந்தை நிறுத்தச் சொல்லும் போதனையை மறுப்பார்களாக. குறைக்கப்பட்ட நிதியை மீண்டும் அளிக்கவும், கடலோரச் சுகாதார நிலையங்களில் மனநல மருந்தும் குடிநோய் மறுவாழ்வுச் சிகிச்சையும் தடையின்றிக் கிடைக்கவும், பேராயங்கள் ஒருமித்துக் கேட்க வேண்டும். நமது அறப்பணி அரசின் கடமைக்கு ஈடாகாது. பன்றிகளை எண்ணுவோர் பலர். மனிதனை எண்ணும் பொறுப்பு திருச்சபையினுடையது.