குடவாசலுக்கு எத்தனை எழுத்து?

கு, ட, வா, ச, ல். ஐந்து! ஒண்ணாங்கிளாஸ் பையன்கூடச் சொல்லிவிடுவான். கம்ப்யூட்டரைக் கேளுங்கள்... 24 என்று சாதிக்கும்!

இந்த 24-ஆல் என் தூக்கம் போனது. எங்கள் ஊர் உரக்கடை ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கிறேன். ஊர்ப் பெயரில் முதல் பத்து எழுத்தை எடுத்து, ஊர்வாரியாகப் பாக்கிப் பட்டியல் போட நாலு வரி ஷெல் கட்டளை. (பெட்ரோல் பங்க் ஷெல் இல்லை. கறுப்புத் திரையில் நாம் தட்டுவதை வாங்கி கம்ப்யூட்டரிடம் சேர்க்கும் குமாஸ்தா!) பகலில் நான் தட்டினால் ஒழுங்காக வருகிறது. ராத்திரி தானாக ஓடினால் குடவாசல் பாக்கியும் குடந்தை பாக்கியும் ஒரே வரியில் ஐக்கியம்!

"கும்பகோணத்துக்காரன் பாக்கிக்கு நான் அலையணுமா சார்?" வசூல்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மச்சானைப் பிடித்தேன்.

"மாமா, இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட் போதும். 1992-ல் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் உருவாக்கின யு.டி.எஃப்-8 முறையில் தமிழுக்கு மூணு மூணு பைட். அதிலும் உகரம், துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனி. ஆக எட்டு உருப்படி, 24 பைட். பத்தாவது பைட்டில் வெட்டினால் 'குட'வுக்கு ஒன்பது போக, மிச்சம் அடுத்த எழுத்தில் மூணில் ஒரு துண்டு. 'வ', 'ந' ரெண்டுக்கும் அந்தத் துண்டு ஒண்ணுதான்!"

"பகலில் மட்டும் எப்படிடா சரியா வருது?"

பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-ல் வெளிவந்த 'பாஷ்' ஷெல்லுக்கு ஒரு பைட் என்றால் ஒரு எழுத்து. 2002-ல் வந்த 2.05பி பதிப்பில்தான் அதை மாற்றினார்கள். ஒரு பைட் நகர்ந்த இடத்தில் எல்லாம், 'இந்த எழுத்து எத்தனை பைட்?' என்று கேட்டுவிட்டு நகரவேண்டும். ஒரு இடத்தில் கேட்க மறந்தாலும் பேக்ஸ்பேஸ் தட்டினால் அரை எழுத்து தொங்கும். ஆனால் மொழி அமைப்பு யு.டி.எஃப்-8 என்று சொல்லியிருந்தால்தான் கேட்கும். ராத்திரி ஓட்டத்தில் யாரும் சொல்லவில்லை. பழைய புத்தி!

தலைப்பில் ஒரு வரி சேர்த்தேன். குடவாசல் முழுசாக வந்தது.

அப்போதும் ஷெல்லுக்கு எட்டுதான், ஐந்து இல்லை. ஏழில் வெட்டினால் புள்ளி பறந்து 'குடவாசல' ஆகிவிடும்.

வசூல்காரரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பேரை எதுக்கு சார் வெட்டறீங்க? முழுசாவே போடுங்க. பேப்பர் செலவு என்னுது!"