சோடியம் குறைஞ்சா ஏன் உடனே ஏத்த மாட்டேங்கிறாங்க?

“உப்புதானே குறைஞ்சிருக்கு? ஒரே நாள்ல ஏத்திவிட வேண்டியதுதானே டாக்டர்?” ஐசியு வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருந்தால் நார்மல். அது 110-க்கு இறங்கி, சில நாட்கள் அப்படியே இருந்துவிட்டால், 24 மணி நேரத்தில் பொதுவாக 8 முதல் 10 வரைதான் உயர விடுவார்கள். இது அலட்சியம் இல்லை. மூளைக்குள் இருக்கும் ஆஸ்ட்ரோசைட்கள் தாங்கணுமே!

நட்சத்திர வடிவில் இருக்கும் இந்த செல்கள்தான் நியூரான்களின் ‘சப்போர்ட் ஸ்டாஃப்’. தண்ணீர், உப்பு பேலன்ஸை கவனிப்பதும் இவைதான். சோடியம் குறையும்போது தண்ணீர் உள்ளே புகுந்து இவை வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதனால் பொட்டாசியம், டாரின், இனோசிட்டால் போன்றவற்றை வெளியே தள்ளி, இரண்டு நாட்களில் ஓரளவு பழைய அளவுக்கு வந்துவிடும்.

சிக்கலே இதற்குப் பிறகுதான். சோடியம் திடீரென ஏறினால் தண்ணீர் வெளியே ஓடி, செல் சுருங்கும். உள்ளே இருக்கும் புரதங்கள் மடிப்புக் கலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும்.

அப்போது வேலைக்கு வருபவைதான் ஹெச்எஸ்பி70 போன்ற ஸ்ட்ரெஸ் புரதங்கள். இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிடோசாவின் இன்குபேட்டரில் யாரோ தெரியாமல் சூட்டைக் கூட்டிவிட, அதிலிருந்த பழ ஈக்களின் குரோமோசோம்கள் ஆங்காங்கே உப்பியிருந்தன. 1962-ல் அவர் வெளியிட்ட அந்தத் தற்செயல் கண்டுபிடிப்புதான் ஆரம்பம். பெயர் ‘ஹீட் ஷாக்’ புரதம் என்றாலும், உப்பு ஷாக்குக்கும் இவை வரும். கலைந்த புரதத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி மடிக்க உதவும். தேறாததை அழிக்க அனுப்பும்.

ஆனால், இந்தப் புரதங்கள் போதுமான அளவு உருவாக மணிக்கணக்கில் ஆகும். வெளியே தள்ளிய டாரின், இனோசிட்டாலைத் திரும்பச் சேர்க்க நாட்கள் பிடிக்கும். ட்ரிப்ஸ் அதை முந்தினால்? எலிகளில் சோடியத்தை வேகமாக ஏற்றிப் பார்த்தபோது, முதலில் செத்தவை ஆஸ்ட்ரோசைட்கள். நரம்புகளின் மேலுறையான மயலின் அதன் பிறகே சிதைந்தது.

மனிதர்களில் இதன் அறிகுறிகள் சில நாட்கள் கழித்துத்தான் தெரியும். முதலில் நோயாளி தேறியது போலவே இருப்பார். பிறகு பேச்சு குழறும், விழுங்க முடியாது, கை கால் விழுந்துவிடும். 1959-ல் அமெரிக்க டாக்டர்கள் இதை முதன்முதலில் விவரித்தது, குடிநோயாளிகளிடமும் ஊட்டச்சத்து இல்லாதவர்களிடமும். இன்றும் அவர்களுக்குத்தான் ரிஸ்க் அதிகம் என்பதால் 8-ஐத் தாண்ட விடுவதில்லை.

வலிப்பு, கோமா என்று வந்தால் மட்டும் டாக்டர்கள் காத்திருக்க மாட்டார்கள். 3% சலைனை வேகமாக ஏற்றி, சோடியத்தை 4 முதல் 6 வரை உயர்த்துவார்கள். அதுவும் அன்றைய கணக்கில்தான் சேரும்.