லிட்டருக்கு 20 மில்லி!

ஐஸ்கிரீம் உருகிப் போனால் உலகத்துக்கு என்ன லாபம்? நம் வீட்டில் என்றால் குழந்தைகள் அழுவார்கள், அதோடு சரி. ஆனால் அமெரிக்காவில், விஸ்கான்ஸின் மாகாணத்தில், ஒக்காச்சி என்ற ஏரியின் நடுவே ஒரு நாள் உருகிய ஐஸ்கிரீம், படகு மோட்டாரையே கொண்டுவந்து சேர்த்தது என்று ஒரு கதை உண்டு.

ஓலே எவின்ரூட் என்ற இளைஞர் 1877-இல் நார்வேயில் பிறந்தவர். சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். இயந்திரம் என்றால் அவருக்கு உயிர். பெஸ் என்ற பெண்மணியை மணக்க இருந்தார். நண்பர்களோடு ஏரிக்கரைக்கு உல்லாசமாகப் போயிருந்தபோது, பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை வந்துவிட்டது. கடையோ அக்கரையில்! ஓலே தயங்கவில்லை. கொளுத்தும் வெயிலில் துடுப்பு வலித்துக்கொண்டு போனார், வாங்கினார், திரும்பினார். வந்து பார்த்தால் ஐஸ்கிரீம் வெறும் பாலாக நின்றது!

'இந்தப் படகுக்கு ஒரு மோட்டார் இருந்திருந்தால்!' என்று அன்று தோன்றியதாம் அவருக்கு. அவருக்கு முன்பும் சிலர் அப்படி மோட்டார் செய்து பார்த்ததுண்டு. ஆனால் சாமானியரும் வாங்கிப் படகின் பின்புறம் மாட்டிக்கொள்ளும்படி செய்து, 1909-இல் வியாபாரத்தில் இறங்கி வெற்றி கண்டவர் ஓலேதான். எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலர்!

மோட்டாரைச் செய்தவர் கணவர். விற்றவர் யார் தெரியுமா? பெஸ்தான். கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அந்த அம்மாள் கையில். துடுப்பு வலிக்காதீர்கள், அதைத் தூக்கி எறியுங்கள், எங்கள் மோட்டாரை வாங்குங்கள் என்ற பொருளில் அவர் எழுதிய விளம்பரம் மிகவும் பிரசித்தமானது.

நமக்கு என்ன சம்பந்தம்?

'ஏரியும் ஐஸ்கிரீமும் எங்கேயோ! எங்களுக்கு என்ன?' என்று கேட்கிறீர்களா? காலையில் உங்கள் வாசலில் கூடையை இறக்கும் மீன்காரம்மாளை நினைத்துப் பாருங்கள். அந்தச் சங்கராவும் வஞ்சிரமும் தாமாக நீந்தி வரவில்லை. நம் கரைகளில் 1980-களிலிருந்து நாட்டுப் படகுகளில் மோட்டார் ஏறத் தொடங்கியது. 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு பல கட்டுமரங்களின் இடத்தில் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு டீசல் எஞ்சின். சிலவற்றுக்கு, ஓலே செய்ததைப் போலப் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்.

அந்த அவுட்போர்டிலும் 'டூ ஸ்ட்ரோக்' என்று ஒரு ஜாதி உண்டு. அதற்கு வெறும் பெட்ரோலை ஊற்றினால் போதாது. எண்ணெயும் கலக்க வேண்டும். இது உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பழைய ஸ்கூட்டர் இருந்திருக்கும். பெட்ரோல் பங்கில் 'டூ டீ ஆயில்' என்று சொல்லித் தனியாக எண்ணெய் விட்டது ஞாபகம் இருக்கிறதா? புறப்படும்போது பின்னால் நீலப் புகை கிளம்புமே, அதுவும் இந்த எண்ணெயின் கைங்கரியந்தான்.

எண்ணெய் எதற்கு?

கார் எஞ்சினுக்கு அடியில் தனியாக ஓர் எண்ணெய்த் தொட்டி உண்டு. ஓடும் பாகங்களுக்கெல்லாம் எண்ணெய் அங்கிருந்து போய்ச் சேர்ந்து, மீண்டும் தொட்டிக்கே திரும்பிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தத் தொட்டியே கிடையாது. பெட்ரோலும் காற்றும் முதலில் எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் புகுந்து, பிறகுதான் மேலே எரியும் அறைக்குப் போகின்றன. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய், போகிற வழியில் பேரிங்குகளையும் பிஸ்டனையும் சிலிண்டரின் சுவரையும் நனைத்துவிட்டு, கடைசியில் தானும் எரிந்து போகிறது. திரும்பி வருவதில்லை.

ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் புதிது புதிதாக எண்ணெய் வந்தாக வேண்டும். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட மறந்தால் அது கிறீச்சிட்டு முனகும். நாமும் பார்த்து இரண்டு சொட்டு விடுவோம். இந்த மோட்டார் அவ்வளவு பொறுமைசாலி அல்ல. எண்ணெய் இல்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசினால் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் அசையாது. கரையில் என்றால் பணத்தோடு போயிற்று. நடுக்கடலில் என்றால்?

அளவுதான் முக்கியம்

ரசத்துக்குப் புளியைக் கை அளவில் கரைக்கலாம். கூடக் குறைய இருந்தால் கொஞ்சம் வெந்நீரோ உப்போ சேர்த்துச் சரிக்கட்டலாம். இங்கே அது நடக்காது. பல மோட்டார்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது கணக்கு. சுலபமாக நினைவு வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். 1000-ஐ அந்தப் பங்கால் வகுத்துவிடுங்கள். 1000-இல் 50 போனால் 20 தடவை. ஆக, லிட்டருக்கு 20 மில்லி! 5 லிட்டருக்கு 100 மில்லி. 10 லிட்டருக்கு 200 மில்லி. 25 லிட்டர் டாங்குக்கு அரை லிட்டர்.

புது மோட்டாரை முதன்முதலாக ஓட்டிப் பழக்கும்போது பெரும்பாலும் இரட்டிப்பாக, 25-க்கு 1 என்று கேட்பார்கள். அப்போது லிட்டருக்கு 40 மில்லி. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்குக் கணக்கே வேறு. சில மோட்டார்களில் எண்ணெய்க்குத் தனி டாங்கு வைத்து, கலக்கும் வேலையை அதுவே செய்துகொள்ளும். ஆகையால் மோட்டாரோடு வந்த புத்தகம் சொல்வதே வேதவாக்கு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதல்ல!

'குறைந்தால்தானே ஆபத்து? கொஞ்சம் தாராளமாக விட்டால் என்ன?' என்பீர்கள். அதுவும் கெடுதலே. புகை மண்டும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், மோட்டார் விக்கும், நிற்கும். இதே மாதிரி, சமையலறையில் இருக்கிற எண்ணெய் ஆகாது. கார் எண்ணெயும் ஆகாது. ஸ்கூட்டருக்கு விட்ட எண்ணெயும் சரிப்படாது; ஸ்கூட்டர் காற்றில் குளிர்வது, படகு மோட்டார் தண்ணீரால் குளிர்வது. படகுக்கு என்றே விற்கும் எண்ணெய் டப்பாவில் 'டிஸி-டபிள்யூ3' என்ற அடையாளம் இருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கலக்கும் முறை

முதலில் டாங்கில் பாதி பெட்ரோலை விடுங்கள். பிறகு அளந்த எண்ணெயை ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். அப்புறம் மீதிப் பெட்ரோலை விட்டு இன்னொரு தடவை குலுக்குங்கள். எண்ணெயை மட்டும் முதலில் ஊற்றினால் அது அடியில் தங்கி, சரியாகக் கலக்காமல் போகக்கூடும். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் பெருகும், அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

எண்ணெயை அளக்க மில்லிக் கோடு போட்ட பழைய பால் புட்டி போதும். ஆனால் ஒரு முறை எண்ணெய் பட்ட புட்டி மறுபடி குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. சமையலறைப் பக்கமே வரக் கூடாது. கலவையைத் தண்ணீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா?

கலப்பது திறந்த வெளியில்தான். அடுப்பு, விளக்கு, பீடி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கலாகாது. தூக்கி எடுக்கக்கூடிய டாங்கு என்றால் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டு ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

தேவைக்கு மேல் கலந்து வைப்பதும் தவறு. இப்போது நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். எத்தனாலுக்கு ஈரத்தின் மேல் அபார ஆசை; கடற்கரைக் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நாள்பட்டால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மோட்டார் உறிஞ்சுவதோ டாங்கின் அடியிலிருந்துதான்! அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் கலப்பதே உத்தமம்.

துடுப்பு இருக்கட்டும்!

விடியுமுன் எழுந்து ஒருவர் கையில் டார்ச்சைப் பிடிக்க, இன்னொருவர் எண்ணெய் அளந்து ஊற்றுகிற வேலை மிகச் சின்ன வேலைதான். ஆனால் படகு கண்ணுக்கு மறைந்த பிறகு, கரையில் காத்திருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் அந்தச் சில மில்லியை விடப் பெரிய துணை ஏது?

அடுத்த தடவை மீன்காரம்மாளிடம் பேரம் பேசும்போது, அந்த வீட்டில் இன்று எண்ணெயை அளந்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். 'நான்தான்' என்று அவரே சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். மீன் சாப்பிடாத வீட்டாரும் விடுமுறைக்குப் போகிற இடத்தில் மோட்டார் படகில் ஏறத்தானே செய்கிறீர்கள்? ஏறுமுன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, படகில் துடுப்பு இருக்கிறதா என்று.

ஆமாம், துடுப்புதான்! பெஸ் அம்மாள் கெட்டிக்காரர். அவர் எழுதிய விளம்பரமும் பிரமாதம். ஆனால் துடுப்பைத் தூக்கி எறியச் சொன்ன அந்த ஒரு யோசனையை மட்டும் நாம் கேட்க வேண்டாம்!