பெலிஞ்சாவ் யாருக்குச் சொந்தம்?

ஹரி ராயாவுக்கு மலாய் நண்பர்களின் வீட்டுக்குப் போனால், ரெண்டாங் மேசைக்கு வருமுன்பே என் கை கெரெப்பேக் பெலிஞ்சாவ் டப்பாவுக்குள் போய்விடும். லேசான கசப்போடு மொறுமொறுவென்று இருக்கும் அந்த வட்ட வறுவலை நம்மில் பலருக்கும் தெரியும். 'கவுட்' உள்ளவர்கள் மட்டும் பயந்து டப்பாவைத் தள்ளி வைப்பார்கள். அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். ஒருவர் பருப்பு என்பார், இன்னொருவர் ஏதோ பழக்கொட்டை என்பார்.

கொட்டை என்பது சரி. அதைச் சூடான மணலில் வறுத்து, ஓட்டை உடைத்து, சூடு ஆறுவதற்குள் தட்டையாகத் தட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். 'பழம்' என்பதில்தான் வில்லங்கம். பெலிஞ்சாவ் மரத்துக்குப் பழமே கிடையாது. பூவும் கிடையாது.

கம்பத்து வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். காப்பி இலை போலப் பளபளக்கும் இலைகள், இரண்டிரண்டாக எதிரெதிரே. இலையில் வலைப்பின்னல் நரம்பு. கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்கும், பார்வைக்குப் பழமேயான ஒன்று. அறிவியல் தாளில் இந்தப் படத்தைக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் 'பூக்கும் தாவரம்' என்ற கட்டத்தில்தான் அடையாளமிடும். அதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பூவுக்குள் சூல்பை, சூல்பைக்குள் சூல். சூல் விதையாகிறது, அதை மூடியிருந்த சூல்பை சதையாகிறது. அந்தச் சதையைத்தான் பழம் என்கிறோம். பெலிஞ்சாவில் அந்தச் சூல்பையே இல்லை. மெல்லிய கதிர் ஒன்றில், கணுவுக்குக் கணு, சூல்கள் மூடப்படாமல் உட்கார்ந்திருக்கின்றன. நாம் பழத்தோல் என்று நினைக்கும் அந்தச் சிவப்பு உறை சூலின் மேலேயே வளர்ந்த சட்டை. இப்படிச் சூல் திறந்திருக்கும் தாவரங்கள் தனிக் கூட்டம் என்பதை 1820-களில் தெளிவாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் பிரவுன். பைனும் சைக்கஸும் அந்தக் கூட்டம்தான்.

பெலிஞ்சாவின் குடும்பத்துக்கு நீட்டேசி என்று பெயர். ஒரே ஒரு பேரினம், நீட்டம். அதில் ஏறத்தாழ 40 இனங்கள். ஆர்க்கிட் குடும்பத்தில் 25,000-க்கு மேல் உண்டு என்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு சின்ன வீடு. இன்னொன்று: நமக்குத் தெரிந்த பெலிஞ்சாவ் மரம்தான் இந்தக் குடும்பத்தில் விதிவிலக்கு. மரமாக நிற்பவை இரண்டே இரண்டு இனங்கள். மற்றவை எல்லாம் காட்டு மரங்களைச் சுற்றி ஏறும் கட்டைக்கொடிகள். அமேசான், மேற்கு ஆப்பிரிக்கா, தென்னிந்தியா, நம் பக்கத்துக் காடுகள் என்று பரவியிருக்கின்றன.

இலை மட்டும் அல்ல, உள்ளுறுப்பும் ஆளைக் குழப்பும். தண்ணீரை மேலே ஏற்றும் அகன்ற குழாய்கள் பூக்கும் தாவரங்களுக்கே உரியவை என்று சொல்லுமளவுக்குப் பரவலானவை. பைனிடம் அவை இல்லை; நீட்டத்திடம் உண்டு. அதனால் 1980-களில் தாவரவியலாளர் பலர், பூக்கும் தாவரங்களுக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் குடும்பமும் இதன் பங்காளிகளும்தான் என்று கருதினார்கள். அழகான கருத்து. பூ எப்படித் தோன்றியது என்ற பெரிய புதிருக்கு விடை, நம் வறுவல் டப்பாவுக்குள் கிடந்திருக்கும்!

மரபணு அதைக் கலைத்துவிட்டது. 1999-இல் வந்த ஓர் ஆய்வு, பூவின் உறுப்புகளை அமைக்கும் மரபணுக்களை எடுத்து, இதே பெலிஞ்சாவில் உள்ளவற்றோடு ஒப்பிட்டது. அவை பூக்கும் தாவரங்களைவிட ஊசியிலை மரங்களோடுதான் ஒட்டின. 2000-இல் வந்த ஆய்வுகளும் அதையே சொல்லின. ஆக, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டும் பைன் மரம் பெலிஞ்சாவுக்கு உறவு; காப்பிச் செடி அந்நியம். குழாய்கள்? இரண்டு பக்கமும் தனித்தனியே உண்டானவை. முகம் ஒன்றுபோல இருப்பதும் ஒரே வயிற்றில் பிறப்பதும் வேறு வேறு. பைனுக்கு நேர் உடன்பிறப்பா, ஊசியிலைக் கூட்டம் முழுமைக்கும் ஒன்றுவிட்ட உறவா என்ற வாக்குவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

பெயர்க்கதை எனக்குப் பிடித்தது. அம்போன் தீவில் டச்சுக் கம்பெனி வேலையில் இருந்த ரம்ஃபியஸ் 1670-இல் பார்வை இழந்தார். அதற்குப் பிறகும் எழுதி முடித்த அவருடைய நூல், அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகும் தறுவாயில், 1741-இல்தான் அச்சேறத் தொடங்கியது. மலுக்குத் தீவு மக்கள் வழங்கிய சொல்லை வைத்து அவர் எழுதிய 'நேமோன்' என்பதிலிருந்தே 1767-இல் லின்னேயஸின் 'நீட்டம்' வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும் கொடிக்கோ 'நீட்டம் ஊலா' என்று பெயர். அந்த 'ஊலா' 17-ஆம் நூற்றாண்டின் 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலில் பதிவான மலபார் மக்களின் சொல். லத்தீன் சட்டை போட்டிருந்தாலும் இரண்டும் ஊர்ப்பெயர்கள்.

காட்டில் இந்தக் கொடிகளை அடையாளம் காண ஒரு வழி உண்டு. தண்டில் இரண்டு இலைகள் சேரும் இடமெல்லாம் முழங்கால் மூட்டுபோல வீங்கியிருக்கும். முதிர்ந்த கொடியை யாராவது வெட்டிப் போட்டிருந்தால், குறுக்கு வெட்டில் கட்டை ஒன்றல்ல, வளையத்துக்குள் வளையமாகப் பல அடுக்குகள் தெரியும். இந்த அமைப்பு மரத்தைச் சுற்றி வளைந்தாலும் ஒடியாமல் இருக்க உதவுகிறது.

ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. சரவாக்கின் லம்பிர் காட்டில் 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இரவில் காத்திருந்து பார்த்தார்கள். பூவே இல்லாத செடியைத் தேடி விட்டில்கள் வந்தன. ஆண் கதிரிலும் மலட்டுச் சூல்கள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் ஊறும் இனிப்புத் துளியைக் குடிக்க வந்த விட்டில்கள் மகரந்தத்தைச் சுமந்து போயின. இது மரவகையின் கதை. கொடிவகை ஒன்றுக்கு ஈக்கள்தான் விருந்தாளிகள். பூ வந்த பிறகுதான் பூச்சிக்கு வேலை என்று நினைக்கிறோமே, இங்கே பூவில்லாமலே உபசாரம் நடக்கிறது.

நம் நாட்டில் காட்டு மரம் வெட்டுமுன் கொடிகளை அறுத்துவிடுவது நெடுநாள் வழக்கம். அதில் நியாயமும் உண்டு. கொடி பல மரங்களின் தலையைக் கட்டிவைத்திருக்கும்; ஒன்று சாய்ந்தால் பக்கத்து மரத்தையும் இழுத்துவரும், கீழே நிற்கும் ஆளுக்கும் ஆபத்து. ஆனால் அறுப்பவருக்கு எல்லாம் வெறும் கொடிதான். கதிர் இல்லாமல் இலையை மட்டும் வைத்து நீட்டத்தின் இனம் சொல்வது தாவரவியலாளருக்கே கடினம். கதிரோ பெரும்பாலும் எட்டாத உயரத்தில். எந்த இனம் என்று தெரியாமலே கொடி தரையில் விழுகிறது. விழுந்தது அந்தப் பக்கத்து ஒரே ஆண் கொடியாக இருந்தால், எதிர் மரத்தில் ஏறியிருக்கும் பெண் கொடி அந்த வருடம் துளியை ஊறவைத்துக் காத்திருக்கும், மகரந்தம் வராது.